மருந்தென்று வந்த வைன்

இங்கிலாந்தின் தெற்கே, டெவன் மாவட்டத்தில், பக்ஃபாஸ்ட் என்ற இடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. 1880இல் பிரான்ஸ் நாட்டு மடமொன்றிலிருந்து துரத்தப்பட்டவர்கள், 1882இல் அங்கு வந்து குடியேறினார்கள். பாழடைந்து கிடந்த பழைய மடத்தின் அத்திவாரத்தின் மேல் தங்கள் கையாலேயே தேவாலயம் கட்டினார்கள். இடம்பெயர்ந்த உங்களுக்கு அந்தப் பாட்டை நாம் விளக்கத் தேவையில்லை.

சீவியத்துக்குத் தேனீ வளர்த்தார்கள். 1890களில் ஒரு வைனும் செய்தார்கள். நாளுக்கு மூன்று சிறு கிளாஸ் குடித்தால் உடம்புக்கு நல்லதென்று, டொனிக்காகவே அதை விற்றார்கள். 1927இல் விற்பனை அனுமதி இல்லாமற் போக, விநியோகம் வியாபாரிகளின் கைக்குப் போயிற்று.

அதே வைனுக்கு ஸ்கொட்லாந்தில் இன்று வேறு பெயர். கிளாஸ்கோ நகருக்குக் கிழக்கேயுள்ள ஊர்களில் அதை 'வீட்டை உடைக்கும் சாறு' என்கிறார்கள். 2006 முதல் 2009 வரை அப்பகுதிப் பொலிஸ் அறிக்கைகள் 5,638இல் இந்த வைனின் பெயர் வந்தது. 114 தடவை வெறும் போத்தலே ஆயுதமாயிற்று.

காரணம் என்ன? அதில் மதுசாரம் 15 வீதம். 750 மில்லிலீற்றர் போத்தலில் கஃபீன் 281 மில்லிகிராம். ஏறக்குறைய மூன்று கோப்பை கோப்பியில் உள்ள அளவு. கடும் கோப்பி குடித்தால் வெறி முறியும் என்று நம்மவரும் சொல்வதுண்டு. முறியாது. இரத்தத்திலுள்ள மதுசாரத்தைக் கஃபீன் குறைப்பதில்லை. நித்திரையை மட்டுமே தள்ளிவைக்கிறது. சாதாரண குடிகாரன் சரிந்து படுக்கும் நேரத்தில் இவன் தெருவில் விழித்து நிற்கிறான், தான் நிதானமாக இருப்பதாகவும் எண்ணிக்கொள்கிறான். அமெரிக்காவில் 2010இல் கஃபீன் சேர்த்த மதுபானங்கள் சில சந்தையிலிருந்து விலக்கப்பட்டதும் இதனாலேயே.

ஆனால் பழி முழுவதையும் போத்தலின் மேல் போட நாம் தயாரில்லை. ஸ்கொட்லாந்தில் விற்கப்படும் மதுவில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. கெட்ட பெயர் எடுத்த அந்த ஊர்கள் ஒருகாலத்தில் நிலக்கரியாலும் உருக்காலைகளாலும் வாழ்ந்தவை. சுரங்கங்கள் மூடப்பட்டன. பக்கத்திலிருந்த ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலையும் 1992இல் மூடப்பட்டது. வேலையில்லாத தகப்பனின் பிள்ளை தெருமுனையில் எதையாவது குடித்தே இருப்பான்.

தாங்கள் செய்வது துர்ப்பிரயோகத்துக்காக அல்ல என்பது மடத்தின் பதில். வருமானம் மட்டும் மடத்துக்கு வந்துகொண்டிருக்கையில், அது போதிய பதிலாக எமக்குத் தெரியவில்லை. மலிவு மதுவைத் தடுக்க 2018இல் ஸ்கொட்லாந்து அரசு ஆகக்குறைந்த விலையை விதித்தது. அதனால் மலிவான சைடர் விலை ஏறிற்று. துறவிகளின் வைனோ ஏற்கெனவே அந்த விலைக்கு மேலேயே விற்கப்பட்டு வந்தபடியால், அன்று சட்டம் அதைத் தொடவில்லை.