மஞ்சள் தரம் எங்கே குறைகிறது? நோட்டைக் கேளுங்கள்

ஒரே வயல் மஞ்சள்தான். ஆனால் ஏலத்தில் ஒரு மூட்டைக்கு நல்ல விலை, அடுத்ததற்குக் குறைந்த விலை. காரணத்தை நினைவில் தேடினால் கிடைக்காது.

வெட்டியதிலிருந்து மெருகேற்றுவது வரை, வேலைகளை நடக்கும் வரிசையிலேயே நோட்டில் எழுதுங்கள். வேகவைக்கும் ஒவ்வொரு கொப்பரைக்கும் ஓர் எண் கொடுங்கள். களத்திலும் மூட்டையிலும் அதே எண் தொடரட்டும். எண்கள் கலந்தால் கணக்கும் போச்சு.

எண்ணுக்கு எதிரே இவற்றைக் குறியுங்கள்:

* வெட்டிய நாள், வேகவைத்த நாள். இடைவெளி 2, 3 நாட்களைத் தாண்டக்கூடாது.
* விரலியா, கிழங்கா? இரண்டையும் தனித்தனியே வேகவையுங்கள்.
* வெந்த நேரம். அதிகம் வெந்தால் நிறம் கெடும். குறைந்தால் காய்ந்தபின் எளிதில் நொறுங்கும்.
* பரப்பிய கனம். 5 முதல் 7 செ.மீ. போதும், அதைவிட மெலிதானால் நிறம் மங்கும்.
* காய்ந்த நாட்கள், இரவில் குவித்து மூடிய விவரம்.

விற்றதும் கிடைத்த விலையையும் அதே வரியில் எழுதுங்கள். விலை குறைந்த எண்களில் எந்த வேலை மாறியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். பலவற்றை ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது.