ஏற்றம் கொழுப்புக்கு, இறக்கம் சர்க்கரைக்கு: கொல்லிமலை கைவிடும் நடை மருந்து

மலைப் பாதையில் ஏறுவதால் உடலுக்கு ஒரு நன்மை; இறங்குவதால் வேறொரு நன்மை. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஓர் ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் ஒரு கட்டத்தில் நடந்து ஏறி, கேபிள் காரில் இறங்கினார்கள். மறு கட்டத்தில் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்கினார்கள். ஏற்றம் ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு கொழுப்பைச் சமாளிக்கும் திறனைக் கூட்டியது. இறக்கம் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனைக் கூட்டியது.

வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். நடை முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். தொடர்ந்து நடப்பவருக்கு ரத்த அழுத்தம் தணியும். எடையைத் தாங்கும் எலும்புகள் உறுதிப்படும். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் வெளியான ஆய்வு சொன்னது.

மனதுக்கும் பலன் உண்டு. தூக்கம் ஆழமாகிறது, பதற்றமும் மனச்சோர்வும் தணிகின்றன. நினைவாற்றலுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்கும். ஓராண்டு முறையாக நடந்த முதியவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்ததை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. பெரக்கரை நாடு உள்ளிட்ட, ‘நாடு’ எனப்படும் கொல்லிமலை ஊர்த் தொகுதிகளின் மலையாளிப் பழங்குடியினருக்கு இந்த அளவை எண்ணிப் பார்க்கும் தேவையே இருந்ததில்லை. காட்டு வேலை, விறகு, சந்தைக்குத் தலைச்சுமை, உரலில் சாமையும் தினையும் குத்துவது என அன்றாடமே பயிற்சியாக இருந்தது.

அந்த அன்றாடம் மாறுவதில்தான் கவலை தொடங்குகிறது. சாமை விளைந்த நிலத்தில் இன்று குச்சிக்கிழங்கு விளைந்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. சட்டியில் ரேஷன் அரிசி வேகிறது. ஒற்றையடிப் பாதையில் போனவர்கள் பைக்கில் போகிறார்கள். சிறுதானியமும் நடையும் ஒரே தலைமுறையில் சேர்ந்து குறைவதுதான் ஆபத்து. தமிழகம் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றது. 2023-இல் வெளியான மற்றொரு ஆய்வின்படி தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நடையை விட்ட மலைக்கும் இந்தக் கணக்கு வந்து சேரும்.

சாலை வந்ததால்தான் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் நேரத்தில் மருத்துவம் கிடைக்கிறது என்பார்கள், அது உண்மையே. ஆனால் அவசரத்துக்கு வந்த வண்டி, அரை மைல் தூரத்துக்கும் பழக்கமாகிவிட வேண்டியதில்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை வகுக்கப்பட்டது. மலையில் பாதை புதிதாகத் தேட வேண்டாம். ஊருக்கு ஊர் இருந்த பழைய தடங்களில் புதர் நீக்கி, வழுக்கும் இடங்களில் கல் பதித்தாலே போதும். பள்ளியில் விளையாட்டு நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்காமல் விடவேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இறக்கத்தில் மெதுவாக, கோல் ஊன்றி நடக்கலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற்றத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள், அருகிலுள்ள கடைக்கும் காட்டுக்கும் நடந்தே போய் வந்தால் வாரத்தின் 150 நிமிடம் தானாக நிறைந்துவிடும்.