அமில மழை தின்பது சுண்ணாம்பை

அவித்த முட்டையின் ஓட்டைக் கழுவி, நொறுக்கி, ஒரு டம்ளரில் போடுங்கள். மேலே எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டும். முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், சலவைக்கல், கிளிஞ்சல் எல்லாம் இதே சரக்குதான். அமிலம் அதைக் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது; அதுதான் அந்தக் குமிழ். ஓடு கரையக் கரைய சாற்றின் புளிப்பும் குறைந்துகொண்டே வரும். ஓடு தீர்ந்த பிறகு ஊற்றும் சாறு புளிப்பாகவே நிற்கும். அமில மழை மண்ணையும் மரத்தையும் கல்லையும் என்ன செய்கிறது என்பதில் முக்கால்வாசி இந்த டம்ளருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். அமில மழை என்றதும் தோல் எரியும், இலை பொசுங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுத்தமான மழையே லேசான அமிலம்தான். காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால், அமிலத்தின் அளவுகோலான பி.எச். 5.6 வாக்கில் இருக்கும். அமில மழை என்று பேர் எடுத்த மழை பெரும்பாலும் 4 முதல் 4.5 வரை. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி. பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால், இந்த மழையைவிட நாம் சாதத்தில் பிழியும் சாறு நூறு மடங்குக்கு மேல் கடுமை. நனைந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே மழை ஒரே மண்ணில் நாற்பது, ஐம்பது வருடம் பெய்தால் கதை வேறு.

புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகிறது. என்ஜின்களின் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. இரண்டும் மேகத்து நீரில் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறிவிடுகின்றன. மான்செஸ்டரின் புகையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1872இலேயே இதை ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். உலகம் கண்டுகொள்ள ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்றொரு ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்த பாறை, அதன் மேல் மெல்லிய மண். டம்ளரில் ஓடு கொஞ்சமாகவே இருந்த காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1963இல் ஜீன் லைக்கன்ஸும் அவருடைய சகாக்களும் அங்கே மழைநீரைப் பிடித்து அளந்தபோது பி.எச். 4ஐ ஒட்டி இருந்தது. பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் கிடையாது. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓஹியோ ஆற்றங்கரை போன்ற இடங்களிலிருந்த அனல்மின் நிலையங்களின் புகைதான் காற்றோடு வந்து மழையாக இறங்கியது. உள்ளூரில் புகை தெரியக்கூடாது என்று உயர உயரமாகப் புகைபோக்கி கட்டியதன் பலன்.

மண்ணில் கால்சியமும் மக்னீசியமும் களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். மழையோடு வரும் ஹைட்ரஜன் அயனி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, கால்சியம் கழன்று ஓடையோடு போய்விடும். முதல் சில பத்தாண்டுகளுக்கு மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, மரங்கள் பச்சையாகவே நிற்கும். கையிருப்பு தீர்ந்ததும்தான் ஆபத்து. உங்கள் டம்ளர் அலுமினியத்தில் செய்தது என்றால், ஓடு தீர்ந்தபின் புளிப்பு டம்ளரையே அரிக்கத் தொடங்கும் அல்லவா? மண்ணிலும் அதே உலோகம்தான். களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம், பி.எச். 5க்குக் கீழே இறங்கும்போது கரைந்து வெளியே வருகிறது. சல்லிவேர்களின் நுனியைக் குட்டையாக்கி, கால்சியத்தை உறிஞ்சவிடாமல் மறிக்கிறது. ஓடைக்குப் போனால் மீனின் செவுளில் படிந்து மூச்சைத் திணறடிக்கிறது.

அந்தப் பக்கத்து மலைகளில் ரெட் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் உண்டு. அதன் ஊசி இலையின் செல் சவ்வில் இருக்கும் கால்சியம்தான் கடுங்குளிரைத் தாங்க உதவுகிறது. அமில மழையும் மூடுபனியும் அந்தக் கால்சியத்தை அலசிக்கொண்டு போய்விட்டால், பனிக்காலம் முடியும்போது அந்த வருடத்து இலைகள் செம்பழுப்பாகக் கருகித் தொங்கும். பார்ப்பவர்கள் குளிரில் செத்தது என்பார்கள். குளிர் அங்கே எப்போதும் இருந்ததுதான்.

அமெரிக்கா 1990இல் காற்றுச் சட்டத்தைத் திருத்திக் கந்தகப் புகையை வெட்டியது. மழை தேறியது, மண் உடனே தேறவில்லை. 1999 அக்டோபரில் ஹப்பர்ட் புரூக் ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரில் ஏறி, 11.8 ஹெக்டேர் காட்டில் கால்சியம் சிலிக்கேட் குருணைகளைத் தூவினார்கள். பல காலமாக மழை கரைத்துக்கொண்டு போனதை ஈடுகட்டுவதுதான் நோக்கம். 2014இல் முடிவு வெளியானது: தூவாத பக்கத்துக் காட்டைவிட அங்கே மரம் 21 சதவீதமும் இலை 11 சதவீதமும் கூடுதலாக விளைந்திருந்தன. காட்டுக்குக் குறைந்தது கால்சியம்தான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் இந்தக் கதை நிஜமான முட்டை ஓட்டிலேயே போய் முடிந்தது. அமிலமான மண்ணில் நத்தைகள் குறைந்தன. நத்தை ஓட்டைத் தின்றுதான் சிட்டு வகைப் பறவைகள் முட்டைக்கு வேண்டிய கால்சியத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. நத்தை இல்லாத காடுகளில் நம் பட்டாணிக்குருவியின் உறவான கிரேட் டிட் மெல்லிய, நுண்துளை விழுந்த ஓடுள்ள முட்டைகளை இட்டது. பல பொரியவே இல்லை. ஆய்வாளர்கள் 1994இல் இதை வெளியிட்டார்கள்.

கல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சலவைக்கல்லின் மேல் கந்தக அமிலம் பட்டால் மேற்பரப்பு ஜிப்சமாகிறது. ஜிப்சம் மழையில் கரையும். மழை படாத மூலைகளில் கரியோடு சேர்ந்து கருப்புப் பொருக்காகப் படியும், பிறகு செதிலாக உதிரும், சிற்பத்தின் மூக்கும் கூடவே போகும். ஏதென்ஸின் அக்ரோபொலிஸில் கூரையைத் தாங்கி நின்ற கல் பெண்களை 1979இல் அருங்காட்சியகத்துக்குள் எடுத்துப்போய், வெளியே நகல்களை நிறுத்தினார்கள். உங்கள் சமையல்மேடை கடப்பாக் கல் என்றால் எலுமிச்சை சிந்திய இடம் வெளிறிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சுண்ணாம்புக்கல்தான். கிரானைட்டில் அந்தத் தழும்பு விழாது.

நம் பாடப்புத்தகங்கள் அமில மழை என்றதும் தாஜ்மகாலைக் காட்டும். 1996இல் உச்ச நீதிமன்றம் சுற்றியிருந்த 292 ஆலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும் என்று சொன்னது சரியான தீர்ப்பு. ஆனால் வட இந்தியாவின் மழை பொதுவாக அவ்வளவு புளிப்பதில்லை. அங்கே பறக்கும் புழுதியில் சுண்ணாம்பு அதிகம். அமிலத்தை அது வானத்திலேயே தணித்துவிடுகிறது. தாஜின் பழுப்புக்குக் கரித்துகளும் தூசியுமே பெரிய காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் கண்டன. கேரளம், வடகிழக்கு போன்ற செம்மண் சீமைகளுக்கு அந்தப் புழுதிக் கவசம் கிடையாது. காற்றில் தூசியைக் குறைத்துவிட்டுக் கந்தகத்தை மட்டும் விட்டுவைத்தால் கவசம் வடக்கிலும் மெலியும்.

அனல்மின் நிலையங்களில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி, சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தகத்தை ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. இந்தியாவில் கந்தகப் புகைக்கு வரம்பு கட்டிய விதி 2015இல் வந்தது. கெடு மறுபடி மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே தந்துவிட்டார்கள். காற்றில் கந்தகம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அரசின் வாதம். ஹப்பர்ட் புரூக் மரங்களும் பல வருடம் பச்சையாகத்தான் நின்றன. சுண்ணாம்பைப் புகைபோக்கியிலேயே செலவழிப்பது மலிவு. பிற்பாடு ஹெலிகாப்டரில் போய் மண்ணில் தூவுவது மலிவல்ல. அந்த விலக்கு தவறு.