பேரூரோடு திரும்பிவிடாதீர்கள்

தொண்டாமுத்தூர் வட்டாரத்துக்குப் பழமையைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பேரூர் பட்டீசுவரர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அது பார்க்க வேண்டிய இடம்தான். 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபின் அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய கனகசபையில், யானைத் தோலை விரித்துப் போர்த்தி நிற்கிறார் கசசம்ஹார மூர்த்தி. விதானத்தில் கல்லாலேயே கோத்த சங்கிலி தொங்குகிறது. ஆனால் அந்தக் கோயிலைத் தாங்கிய ஊர்களுக்குச் சோறு போட்டது நொய்யல் ஆற்றுத் தண்ணீர். ஆகவே, பேரூருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே உள்ள சித்திரைச்சாவடி அணைக்கட்டையும் மரபுச் சின்னமாகவே மதிக்க வேண்டும்.

அணையில் சிற்பம் ஏது, பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பழைய கட்டுமானமே மாறிப்போயிருக்குமே என்று சிலர் கேட்கலாம். கோயில்களும் திருப்பணி கண்டுதான் நிற்கின்றன. அதனால் அவற்றின் பழமை குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. இந்த அணைக்கட்டிலிருந்து பிரியும் சித்திரைச்சாவடி வாய்க்காலோ, ஆற்றில் வெள்ளம் வரும்போது நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி குளங்களுக்கு இன்றும் தண்ணீர் கொண்டுபோகிறது. வெட்டிய நோக்கம் இன்னும் நிறைவேறுகிறது; இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நேயர்களே, அடுத்த முறை பேரூர் வந்தால் அணைக்கட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்; வாய்க்காலில் குப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள்.