லேப் டெக்னீஷியன் வேலை: டிகிரி மட்டும் போதுமா, வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் 10 மணிக்கு பிராக்டிகல் என்றால், அதற்கு முன்பே அங்கே ஒருவர் வேலையைத் தொடங்கியிருப்பார். கரைசல் தயாரிப்பது, பியூரெட் கசிகிறதா என்று பார்ப்பது, பர்னரைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாணவர்களுக்கு அவர் ‘லேப் அண்ணா’ அல்லது ‘லேப் அக்கா’. நியமன ஆணையில் லேப் அசிஸ்டென்ட் அல்லது லேப் டெக்னீஷியன்.

“எடுபிடி வேலைதானே” என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் லேபுக்குள் வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

என்ன படித்திருக்க வேண்டும்?

பொதுவாக அறிவியல் பட்டம் அல்லது டிப்ளமோ கேட்பார்கள். இது பதவிக்குப் பதவி மாறும் என்பதால் அறிவிப்பை முழுசா படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வேலையில் நிலைக்க வைப்பது சான்றிதழ் அல்ல, கீழே உள்ள நான்கு விஷயங்கள்தான்.

1. கைப்பழக்கம்

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். நைட்ரிக் அமிலக் கழிவையும் ஆல்கஹால், அசிட்டோன் கழிவையும் ஒரே பாட்டிலில் கொட்டி மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் 1 லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் ஆக்சிஜன் குறையும். வாசனை இல்லாததால் ஆபத்து தெரியவே தெரியாது.

2. படித்துவிட்டுத் தொடுவது

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. எந்த கிளவுஸ், சிந்தினால் என்ன செய்வது என எல்லாம் அதில் இருக்கும்.

1996-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கிளவுஸ் மீது டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் விழுந்தன. அது லேடெக்ஸை நொடிகளில் ஊடுருவும் என்பது பிறகுதான் சோதனையில் தெரியவந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். ‘கிளவுஸ் போட்டிருக்கேன்’ என்பது போதாது. எதற்கு எந்த கிளவுஸ் என்று தெரிய வேண்டும்.

3. திட்டாமல் இருப்பது

முதலாண்டு மாணவர் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோர் முன்னும் திட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை உடைந்ததைச் சொல்லாமல் மறைப்பார். பாதரசம் மேசைக்கு அடியிலேயே கிடக்கும். ‘பரவாயில்லப்பா, முதல்ல தள்ளி நில்லு’ என்று சொல்பவரிடம்தான் தவறுகள் உடனே வந்து சேரும்.

4. ‘நிறுத்துங்க’ என்று சொல்லும் துணிச்சல்

நான்கில் கஷ்டமானது இதுதான். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் ரசாயனத்தை 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் சிரிஞ்சில் எடுத்தார். சிரிஞ்ச் கழன்று தீப்பிடித்தது. அவர் லேப் கோட் அணிந்திருக்கவில்லை. உடையில் தீ பரவி, 18 நாட்களுக்குப் பிறகு இறந்தார். ஆய்வகத்தின் தலைமைப் பேராசிரியர் மீதே குற்ற வழக்கு பாய்ந்தது.

பேராசிரியரிடமோ சீனியர் ஸ்காலரிடமோ “சார், கோட் போட்டுட்டு ஆரம்பிக்கலாம்” என்று சொல்வது நம்மூரில் சுலபமல்ல. குரலில் மரியாதை இருக்கட்டும், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. கேட்கவில்லை என்றால் பதிவேட்டில் தேதியோடு எழுதி, துறைத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இப்போதே என்ன செய்யலாம்?

படிக்கும்போதே லேபில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். கரைசல் தயாரிப்பு, கருவிகளை அளவு திருத்துவது, ஸ்டாக் பதிவேடு எழுதுவது மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். தீயணைப்பான், கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் ரசாயனம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் குழாயைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.