எட்டுச் சாதனத்துக்கு ஒரே ரிமோட்: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி விற்கலாமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்னியல் சாமான்கள் விற்கும் நண்பர் ஒருவரின் கடையில் அண்மையில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. தெஹிவளையிலிருந்து வந்த ஒரு ஹாஜியார், முதல் நாள் வாங்கிய யுனிவர்சல் ரிமோட்டை மேசை மேல் வைத்தார்.

"தம்பி, இதுல எட்டுண்டு எழுதியிருக்கு. எங்கட ஊட்டுல இருக்கிறது நாலு சாமான். நாலுல ஒண்டைக்கூட இது முழுசா அசைக்குதில்லையே!"

கல்லாவில் நின்ற பொடியன், பெட்டி திறந்த சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற அட்டையைக் காட்டினான். ஹாஜியார் சண்டை பிடிக்கவில்லை. ரிமோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டு மகள்மாருக்கும் டீவி, பிரிட்ஜ் எல்லாம் இந்தக் கடையில்தான் அவர் வாங்கியவர் என்பதை நண்பர் பிறகுதான் சொன்னார். அந்த ரிமோட்டில் கிடைத்த இலாபம் இரண்டு பேர் ரோல்ஸும் பிளேன்டீயும் சாப்பிடக் காணும், அவ்வளவுதான்.

இந்தச் சின்னச் சாமானைப் பற்றி ஒரு வாரம் எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். விற்கிற நமக்கும் வாங்குகிற நமக்கும் இதில் தெளிவில்லை.

ரிமோட்டின் முன்முனையில் இருக்கும் சிறு பல்ப் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு மின்னச் செய்கிறது. பெரும்பாலான கொம்பனிகள் செக்கனுக்கு 38 ஆயிரம் தடவை மின்னும் முறையையும், சோனி 40 ஆயிரத்தையும், பிலிப்ஸின் பழைய முறை 36 ஆயிரத்தையும் பயன்படுத்துகின்றன. அந்த மின்னலுக்குள் ஒவ்வொரு கொம்பனியும் தனது இரகசிய மொழியை வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் நான்கு கொம்பனிகளின் சாமான்கள் இருந்தால் நான்கு மொழிகள். யுனிவர்சல் ரிமோட் என்பது அத்தனை மொழிகளும் தெரிந்த துபாஷி போன்றது.

மொழி தெரிந்துகொள்ள அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிறக்கும்போதே அகராதியோடு பிறப்பது. பெட்டிக்குள் ஒரு கடதாசி இருக்கும். அதில் உள்ள இலக்கத்தை அழுத்தினால் அந்தக் கொம்பனியின் மொழி வரும். மற்றது, கேட்டுப் படிப்பது. அசல் ரிமோட்டை எதிரே வைத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால் இது பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வகை புதிய விடயமல்ல. அப்பிள் கொம்பனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் அங்கிருந்து விலகிய பின் தனிக் கொம்பனி தொடங்கி, 1987இல் இப்படிப் படிக்கும் ரிமோட் ஒன்றைச் சந்தைக்கு விட்டார். இன்று சீனாவிலிருந்து வரும் சங்ஹொப் போன்ற மலிவான ரிமோட்டுகள்கூட அதே வேலையைச் செய்கின்றன.

பெட்டியில் எழுதியிருக்கும் "எட்டு", "பத்து" என்ற இலக்கம் அகராதியின் கனத்தைச் சொல்வதில்லை. எத்தனை சாமான்களுக்கு அதில் இடம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அகராதியில் உலகெங்கும் விற்கும் பெரிய பெயர்கள் இருக்கும். நமது நாட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் செட் டொப் பொக்ஸின் மொழி பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பவர், வொலியூம், சனல் என்ற மூன்று காரியங்களோடு நின்றுவிடும். ஹோம் தியேட்டர் உள்ள வீட்டில் அது போதவே போதாது. அங்கே மிக முக்கியமான பட்டன் இன்புட் மாற்றுவது. அம்ப்ளிஃபயர் டிவிடியிலிருந்து டீவிக்கு மாறாவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது. ஹாஜியாருக்கு நடந்தது அதுதான்.

ஆகவே ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு நான் படிக்கும் வகையையே சொல்வேன். ஆனால் அசல் ரிமோட் கையில் இருக்க வேண்டும். அசல் உடைந்தோ தொலைந்தோ போய்விட்டது என்றால் படிப்பதற்கு ஆசிரியர் இல்லை. அப்போது அகராதி வகைதான், அல்லது அந்த ஒரு கொம்பனிக்கென்றே வரும் ஹுவாயூ போன்ற மாற்று ரிமோட். வாடிக்கையாளர் கடைக்குள் கால் வைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதல்ல, "பழைய ரிமோட் இருக்கா?" என்பதே.

இரண்டாவது கேள்வி, டீவியின் பின்னால் என்ன செருகியிருக்கிறது என்பது. அமேசனின் ஃபயர் டீவி ஸ்டிக் போன்ற குச்சிகள் டீவியின் பின்புறத்தில் மறைந்து கிடப்பவை. அவை ஒளியைப் பார்ப்பதில்லை, புளூடூத்தில் பேசுகின்றன. பிளேஸ்டேஷனும் அப்படியே. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டை அவற்றின் முன்னால் எவ்வளவு அழுத்தினாலும் சுவரோடு பேசுவது போலத்தான். இந்த ஒரு விடயத்தைச் சொல்லாமல் விற்பதால் திரும்பி வரும் ரிமோட்டுகள் எத்தனையோ. அப்பிள் டீவி பெட்டி இதில் விதிவிலக்கு. அதில் ஒளியை வாங்கும் கண்ணும் உண்டு. எல்ஜி, செம்சுங் ஸ்மார்ட் டீவிகளின் அசல் ரிமோட் புளூடூத்தில் பேசினாலும், டீவி ஒளிக்கும் கட்டுப்படும். ஆனால் குரலால் தேடும் வசதியும் திரையில் அம்பை ஓட்டும் வசதியும் மலிவு ரிமோட்டில் வராது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சில வீடுகளுக்கு யுனிவர்சல் ரிமோட்டே தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. வயரில் படமும் சத்தமும் மட்டும் போவதில்லை. சாமான்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் சீ.ஈ.சீ. என்ற பாதையும் அதற்குள் இருக்கிறது. செம்சுங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. பெயர்தான் வேறு, விடயம் ஒன்று. பல டீவிகளில் செட்டிங்ஸில் போய் அதை நாமே திறந்துவிட வேண்டியிருக்கிறது. டீவியில் ஏ.ஆர்.சீ. என்று எழுதிய துளையில் சவுண்ட் பாரையோ அம்ப்ளிஃபயரையோ இணைத்துவிட்டால், டீவி ரிமோட்டின் வொலியூமே சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். ஸ்டிக்கையும் டீவி ரிமோட்டின் அம்புப் பட்டன்களால் நகர்த்தலாம். ஸ்டிக்கோடு வரும் ரிமோட்டிலும் 2018க்குப் பின் வந்த பல ரகங்களில் டீவிக்கும் சவுண்ட் பாருக்கும் பவர், வொலியூம் பட்டன்கள் உண்டு. வாடிக்கையாளருக்கு இதைச் சொன்னால் ரிமோட் விற்காது என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். என் நண்பர் இதைச் சொல்லிக் கொடுத்த ஒருவர் அன்றைக்கே ஒரு நல்ல எச்.டி.எம்.ஐ. வயரும் சுவரில் மாட்டும் பிரேமும் வாங்கிச் சென்றார். பழைய அம்ப்ளிஃபயர், ஒப்டிகல் வயரில் மட்டும் இணைத்தது என்றால் இந்தப் பாதை கிடையாது. ஒப்டிகலில் சத்தம் மட்டுமே போகும்.

விலை கூடிய பக்கத்தையும் பார்ப்போம். ஒரே பட்டனில் டீவி, அம்ப்ளிஃபயர், பிளேயர் மூன்றும் வரிசையாக எழும்பும் ரிமோட்டுகளில் பெயர் எடுத்தது ஹார்மனி. கனடாவில் அதை உருவாக்கிய கொம்பனியை லொஜிடெக் 2004இல் வாங்கியது. 2021 ஏப்ரலில் இனி உற்பத்தி இல்லை என்று அறிவித்துவிட்டது. பாவித்த சாமான் விற்கும் கடைகளில் இன்னும் காணலாம். அதன் அமைப்பு முழுவதும் கொம்பனியின் சேர்வரை நம்பியிருப்பது என்பதை வாங்குபவர் தெரிந்து வாங்க வேண்டும். கொம்பனி கடையை மூடினால் கையில் இருப்பதை மாற்றி அமைக்க வழியில்லாமல் போகும். இன்று அந்த இடத்துக்கு வந்திருப்பவற்றுள் சோஃபாபேட்டன் ஒன்று. புளூடூத்திலும் பேசும் ரகங்கள் அதில் உண்டு. மலிவு ரிமோட்டோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு.

இப்படி ஒரே பட்டனில் எழுப்பும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல சாமான்களில் எழுப்புவதற்கும் அணைப்பதற்கும் ஒரே பட்டன். யாராவது அம்ப்ளிஃபயரை அணைக்காமல் விட்டிருந்தால், மறுநாள் அந்தப் பட்டனை அழுத்தும்போது டீவி எழும்பும், அம்ப்ளிஃபயர் உறங்கிவிடும்! சில கொம்பனிகள் எழுப்ப ஒன்று, அணைக்க ஒன்று என இரண்டு தனிக் கட்டளைகள் வைத்திருக்கின்றன. நல்ல ரிமோட்டின் அகராதியில் அவை இருக்கும். அசல் ரிமோட்டில் அந்தப் பட்டன்கள் இல்லாததால், படிக்கும் ரிமோட்டால் அவற்றைப் படிக்க முடியாது.

போனிலேயே ரிமோட் இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். சாவோமி போன்ற சில போன்களில் அகச்சிவப்புப் பல்ப் உண்டு. புரோட்லிங்க் போன்ற சிறு பெட்டியை ஹோலில் வைத்து வைஃபை மூலமும் இயக்கலாம். எல்லாம் சரி. ஆனால் போன்காரர் காலையில் கடைக்குப் போனால் ரிமோட்டும் அவரோடு போய்விடும். வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் என்ன செய்வது?

என் வீட்டிலும் இது நடந்தது. மகன் கண்ணாடி போன்ற டச் ரிமோட் ஒன்றைக் கொண்டு வந்தான். பார்க்க அழகு. லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்தப் பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. உம்மாவுக்கு எண்பது வயது. சத்தத்தைக் குறைக்கப் போய் மொழியை அரபுக்கு மாற்றிவிடுவார், பிறகு பேரன் ஸ்கூல் விட்டு வரும்வரை டீவி அப்படியே இருக்கும். கடைசியில் ஆறே பட்டன்கள் கொண்ட பெரிய எழுத்து ரிமோட் ஒன்றை வாங்கி, டீவியின் பவரையும் சனலையும், அம்ப்ளிஃபயரின் வொலியூமையும் அதில் படிப்பித்துக் கொடுத்தேன். டச் ரிமோட் இப்போது லாச்சிக்குள் கிடக்கிறது. ரிமோட்டை யார் பிடிக்கப் போகிறார் என்பதை விற்பவர் கேட்டால் நல்லது.

படிப்பிக்கும்போது இரண்டு ரிமோட்டுகளையும் மேசையில் நேருக்கு நேர், சில அங்குல இடைவெளியில் வையுங்கள். வெயிலும் டியூப் லைட்டும் நேரே படக்கூடாது. பெட்டரி புதிதாக இருக்கட்டும். பல்ப் மின்னுகிறதா என்று பார்க்க போனின் முன் கெமராவை நோக்கி அழுத்தினால் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். பின் கெமராக்கள் சிலவற்றில் தெரியாது. எல்லாம் முடிந்ததும் பெட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். மலிவு ரகங்களில் சில அத்தனையையும் மறந்துவிடும். அந்த ரகத்தை டசின் கணக்கில் வாங்கி அலுமாரியில் அடுக்கியவரின் முதல் அங்கேயே உறங்கும். ஏசியை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். ஏசி ரிமோட் ஒவ்வொரு தடவையும் சூடு, காற்று, முறை எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவதால் சாதாரண படிக்கும் ரிமோட்டில் சரிவராது.

ஹாஜியாரின் கதைக்கு வருகிறேன். அன்று பகலே நண்பர் அவருக்கு போன் எடுத்து, வீட்டில் உள்ள ரிமோட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னார். மறுநாள் அவர் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு வந்தார். பழைய ரிமோட்டின் காசைக் கழித்து, படிக்கும் வகை ஒன்றைக் கொடுத்தோம். அதே பொடியன்தான் உட்கார்ந்து டீவி, அம்ப்ளிஃபயர், செட் டொப் பொக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் படிப்பித்தான். இன்புட் பட்டனை மட்டும் மூன்று தடவை முயன்றான். ஸ்டிக்குக்கு அதன் சொந்த ரிமோட்தான் என்பதையும் விளக்கிச் சொன்னான். முக்கால் மணித்தியாலம் போனது. பேக்கின் அடியில் ஐந்தாவதாக இன்னொரு ரிமோட் கிடந்தது.

"இது என்ன ஹாஜியார்?"

"அது ஸ்டேண்ட் ஃபேன்ட. இடமிருந்தா அதையும் போட்டுத் தாங்க தம்பி."

இடமிருந்தது. போட்டுக் கொடுத்தான்.