கணக்குக் கொப்பியும் கணனிச் சான்றிதழும்

"சுவாமி, காப்பை அடைவு வைச்சு மகளை இந்தக் கணனிப் படிப்புக்கு விடலாமோ?"

1990இல் சிறுமியாக வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, இன்று குத்தகைத் தோட்டத்தில் வெங்காயம் செய்கின்ற ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. மகள் க.பொ.த. உயர்தரம் முடித்தவர். தாயின் கையில் ஒரு தனியார் வகுப்பின் துண்டுப்பிரசுரம் இருந்தது. இதே கேள்வி வேறு குடும்பங்களிடமிருந்தும் வருவதால், அந்தப் பரீட்சை எத்தகையது, அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்யலாம் என்பதைச் சற்று விளக்க விரும்புகின்றோம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'பவர் பிஐ' என்னும் மென்பொருள், சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒன்றுசேர்த்து, துப்புரவாக்கி, வரைபடங்களாக்கித் தருவது. அதில் ஒருவருக்குள்ள தேர்ச்சியைச் சோதிப்பதே பி.எல்.300 என்ற பரீட்சை. இத்துறைக்குள் புதிதாக நுழைவோர் பலர் இதனை எழுதுகின்றனர். முன்தகைமை எதுவும் கேட்கப்படுவதில்லை. நேரம் 100 நிமிடங்கள். சித்திக்கு 1000இல் 700 புள்ளிகள் வேண்டும். தமிழில் எழுத முடியாது என்பதால், பிள்ளையின் ஆங்கில வாசிப்பு எப்படி என்பதையும் பெற்றோர் முதலிலேயே பார்க்க வேண்டும்.

பரீட்சைக்கு நான்கு பகுதிகள் உண்டு. தரவுகளை ஆயத்தம் செய்தல், அவற்றை ஒன்றோடொன்று தொடுத்தல், காட்சிப்படுத்தி ஆராய்தல் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை. நிர்வாகமும் பாதுகாப்பும் 15 முதல் 20 வரை.

பெயர்கள் புதியவை, வேலை புதிதல்ல. உங்கள் கமக்காரர் சங்கத்தின் கொப்பியை எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் 'தெல்லிப்பழை', அடுத்த வரியில் 'தெல்லிப்பளை'. ஒருவர் விளைச்சலை அந்தரில் எழுதியிருப்பார், மற்றவர் கிலோவில். மனிதருக்கு விளங்கும், கணனிக்கு அவை இரண்டு ஊர்கள். கிலோவையும் அந்தரையும் அது அப்படியே கூட்டிவிடும். ஓர் அந்தர் ஏறத்தாழ 50.8 கிலோ என்று நாம்தான் அதற்குச் சொல்லி, எல்லாவற்றையும் ஓர் அளவைக்குக் கொண்டுவர வேண்டும். 'பவர் குவெரி' என்ற பகுதியில் நடப்பது இதுவே.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். ஒருவர் 8 பரப்பில் 32 அந்தர் வெங்காயம் எடுத்தார். பரப்புக்கு 4 அந்தர். இன்னொருவர் 2 பரப்பில் 14 அந்தர் எடுத்தார், பரப்புக்கு 7. சராசரி என்ன? நான்கையும் ஏழையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5.5 வரும். அது பிழை. மொத்த விளைச்சல் 46 அந்தர், மொத்த நிலம் 10 பரப்பு; ஆகவே 4.6 அந்தரே சரியானது. 5.5ஐ நம்பிக் கடன் எடுத்தவர் கதி என்னவாகும் என்று கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 'டக்ஸ்' என்ற சூத்திர மொழியில் வரும் வினாக்கள் பல இத்தகைய விளக்கத்தையே சோதிக்கின்றன. கூட்டுத்தொகையைக் கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தைப் பிள்ளை தானே எழுதிப் பழக வேண்டும், பாடமாக்கிப் பயனில்லை.

இனி அந்தத் துண்டுப்பிரசுரம். 'பரீட்சையில் வரும் வினாக்கள் அப்படியே தரப்படும்' என்று அதில் இருந்தது. களவாக வெளியே வந்த வினாக்களைப் பயன்படுத்துவோரின் சான்றிதழை இரத்துச் செய்யவும், மேலும் பரீட்சை எழுதத் தடைவிதிக்கவும் மைக்ரோசொப்ட்டின் விதிகளில் இடமுண்டு. காப்பை அடைவு வைத்து அத்தகைய வகுப்புக்குப் போக வேண்டாம் என்று தாயிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னோம்.

படிப்பதற்குப் பெரும்பாலும் காசு தேவையில்லை. 'மைக்ரோசொப்ட் லேர்ன்' தளத்தில் பாடங்களும் மாதிரிப் பரீட்சையும் இலவசம். 'பவர் பிஐ டெஸ்க்டொப்' மென்பொருளும் இலவசமே; ஆனால் அது விண்டோஸ் கணனியில்தான் இயங்கும், கைத்தொலைபேசி போதாது. ஒரு தடங்கல் உண்டு. நிர்வாகப் பகுதிக்குரிய இணையச் சேவையில் பதிவதற்கு வேலைத்தல அல்லது கல்வி நிறுவன மின்னஞ்சல் வேண்டும். சாதாரண ஜிமெயில் முகவரியை அது ஏற்காது. ஆயினும், ஒவ்வொரு கமக்காரரும் தத்தம் வரிகளை மட்டும் பார்க்க, சங்கச் செயலாளர் எல்லாவற்றையும் பார்க்கும்படி பிரித்துவைக்கும் பயிற்சியை டெஸ்க்டொப்பிலேயே பெருமளவு செய்து பார்க்கலாம்.

காசு செல்வது பரீட்சைக் கட்டணத்துக்கே. அமெரிக்காவில் அது 165 டொலர். நாட்டுக்கு நாடு வேறுபடும். தவறினால் 24 மணித்தியாலத்தின் பின் மீண்டும் எழுதலாம், ஆனால் மீண்டும் கட்ட வேண்டும். எனவே மாதிரிப் பரீட்சையில் பல தடவை நன்றாகச் செய்த பிறகே நாள் குறியுங்கள். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை; ஒரு வினாவையும் வெறுமையாக விட வேண்டாம். பரீட்சையின்போது 'லேர்ன்' பக்கங்களைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. மணிக்கூடு அதற்காக நிற்காது. சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். இணையத்தில் ஒரு சிறு சோதனையுடன் இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

எம் மக்களுக்கு மிகவும் முக்கியமானதை இறுதியில் வைத்திருக்கின்றோம். பதிவு செய்யும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ள பெயருடன் பொருந்த வேண்டும். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துப் பின்னர் எடுத்தவர்களிடையே, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலும் இருப்பது நாம் அடிக்கடி காண்பது. பழைய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. கடவுச்சீட்டு இருந்தால் சிக்கல் குறைவு. கட்டணம் கட்டுமுன் இதனைச் சரிபாருங்கள்.

வீட்டிலிருந்து எழுதுவதானால் பரீட்சார்த்தி மூடிய அறையில் தனியே இருக்க வேண்டும். கமரா பார்த்துக்கொண்டிருக்கும், இடையில் ஒருவர் உள்ளே வந்தாலும் பரீட்சை நிறுத்தப்படலாம். ஓர் அறைக்குள் ஐந்து பேர் வாழும் வீட்டில் இது எப்படி நடக்கும்? அந்த மகளுக்காக எமது பணிமனையின் பின்னறையை ஒதுக்கியிருக்கின்றோம். இப்போது அவர் சங்கத்தின் மூன்றாண்டுக் கொப்பிகளை அங்கிருந்து கணனியில் ஏற்றிக்கொண்டிருக்கின்றார். அறை தேவைப்படும் வேறு பிள்ளைகளும் முன்கூட்டியே வந்து சொல்லி வையுங்கள்.